கண்ணாடி மணியில் மேடும் பள்ளமும்: பதம் பார்த்துச் செய்யும் முழு வழிகாட்டி

முதன்முதலாக ஒரு கண்ணாடி மணியில் இலை முத்திரை குத்தியபோது, மணி முத்திரையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த மணிக்கு, நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்து குத்தினேன். ‘டிக்’ என்று சின்னச் சத்தம். மணி இரண்டாகப் பிளந்தது. அன்று மாலை வீட்டில் அம்மா தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பதம் பாக்காம கைய வச்சா அப்படித்தான் ஆகும்” என்றார்.

பட்டறையில் கருவிகளைப் பற்றித்தான் நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த முத்திரை, எந்த இடுக்கி, எந்த நிறம் என்று குறிப்பேடு முழுக்க எழுதி வைத்திருந்தேன். அம்மா சொன்னது அதில் இல்லை. உருகிய கண்ணாடி பாகு மாதிரிதான். எதை வைத்துத் தொடுகிறோம் என்பது இரண்டாம் பட்சம். எந்தப் பதத்தில் தொடுகிறோம் என்பதுதான் விஷயம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

கண்ணாடியைச் சுடரில் உருக்கி, எஃகுக் கம்பியில் அடிப்படை மணி சுற்றத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இன்னும் தெரியாதவர்கள் ஒரு நாள் வகுப்பு போய்விட்டு வந்து படித்தால் நல்லது.

எங்கே உட்கார்ந்து செய்வது

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செய்யலாமா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. என் பதில்: வேண்டாம். டார்ச்சுக்கு, அதாவது கண்ணாடியை உருக்கும் சுடர்க் கருவிக்குப் போகும் புரொப்பேன் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். வீட்டில் எரிவாயு உருளை எவ்வளவு வைக்கலாம் என்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் வரம்பும் உண்டு. சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்தால் போதாது. டார்ச்சுக்கு மேலே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வேண்டும். தொழிற்பேட்டைக் கட்டடங்களில் இருக்கும் பட்டறைகளில் மேசையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உருளை, ஆக்சிஜன், மணியை மெல்ல ஆற்றும் சூளை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சூளை மட்டும் சொந்தமாக வாங்கி எங்காவது வைக்க நினைத்தால், வாங்கும் முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 120 வோல்ட் சூளை நம் 230 வோல்ட்டுக்கு ஆகாது. நம் மூன்று முள் செருகி 13 ஆம்பியர். அதாவது 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. மணிகளுக்கான சிறிய சூளைகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும் ஊரில் பொடி எதுவும் பொடியாக இருக்காது. நிறப் பொடி, சோடா, அரைத்த கண்ணாடி எல்லாவற்றையும் இறுக மூடிய டப்பாவில், புதுக் காலணிப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு வையுங்கள். புழுங்குகிறதே என்று மேசைப் பக்கம் விசிறியைத் திருப்பாதீர்கள். மணியின் ஒரு பக்கத்தில் மட்டும் காற்றடித்தால் அந்தப் பக்கம் முன்னதாகக் குளிர்ந்து விரிசல் விடும். மேற்பரப்பில் மேடு பள்ளம் செய்த மணிகள் இந்த விஷயத்தில் சாதாரண உருண்டை மணியைவிட இரண்டு மடங்கு கோபக்காரர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

மென்கண்ணாடிக் கம்பிகள், 5 முதல் 6 மி.மீ. தடிமன். இத்தாலியின் முரானோ மரபில் வரும் இந்தக் கம்பிகளின் வெப்ப விரிவுக் கெழு 104. இந்த எண்ணை மட்டும் மறக்கவே கூடாது. 90, 96 என்று வேறு எண் கொண்ட கண்ணாடியும், 33 எண் கொண்ட போரோசிலிக்கேட்டும் கடையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு எண்களைக் கலந்தால் ஆறும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும். இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம் பிளந்துவிடும்.

1.6 அல்லது 2.4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், அதாவது மாண்ட்ரல். மணி கம்பியோடு ஒட்டிவிடாமல் இருக்க அவற்றின் மேல் பூச பீட் ரிலீஸ். அலுமினாவும் களிமண்ணும் சேர்ந்த குழம்பு. முந்தின இரவே பூசிக் காயவிடுவது என் வழக்கம். நம் ஈரக்காற்றில் அது மெதுவாகத்தான் காயும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்து உள்ளே ஈரம் இருந்தால், சுடரில் காட்டியதும் கொப்புளித்து உதிரும். மேற்பரப்பு வேலையில் மணியை அழுத்துகிறோம், கிள்ளுகிறோம், உருட்டுகிறோம். பூச்சு பலவீனமாக இருந்தால் மணி கம்பியிலேயே சுழலத் தொடங்கிவிடும். அதன் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சாதாரணமாகப் பூசுவதைவிடக் கொஞ்சம் தடிப்பாகப் பூசுங்கள்.

டிடிமியம் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி கட்டாயம். சூடான கண்ணாடியிலிருக்கும் சோடியம் 589 நானோமீட்டரில் மஞ்சளாக எரியும். அந்த மஞ்சள் திரையை விலக்கினால்தான் மணியின் உண்மையான தகதகப்பு தெரியும். பதம் பார்ப்பது கண்ணால் என்பதால், இந்த வேலையில் இதைவிட முக்கியமான கருவி கிடையாது.

உருட்ட கிராஃபைட் பலகை, ஏனென்றால் கிராஃபைட்டில் கண்ணாடி ஒட்டாது. குத்தவும் அழுத்தவும் பித்தளை. எஃகு ஓரளவு சூடானாலே கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், அதனால் எஃகுக் கருவியைச் சட்டென்று தொட்டு எடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளச் சவரத் தகடு, டங்ஸ்டன் ஊசி, கூர் மழுங்கிய இடுக்கி. உடுத்துவது பருத்தி. தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை தடவுவது, மஞ்சள் பூசுவது எல்லாம் வேண்டாம்.

பதங்கள்

கண்ணாடிக்குக் குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது. பனிக்கட்டி சட்டென்று தண்ணீராவதுபோல் அது ஆகாது. சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். பாகும் அப்படித்தானே? அதனால் பாகின் பெயர்களையே வைத்துச் சொல்கிறேன்.

தேன் பதம்: பளீரென்ற ஆரஞ்சு நிறம், கம்பியைச் சுழற்றாவிட்டால் தொங்கும். புதிய கண்ணாடியைச் சேர்க்கவும், மணியை உருண்டையாக்கவும் இதுதான். இந்தப் பதத்தில் முத்திரை குத்தினால் ஒட்டும். குத்திய பள்ளமும் நிற்காது, மேற்பரப்பு இழுவிசை இரண்டு விநாடியில் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடும்.

கம்பிப் பதம்: ஆரஞ்சு சற்று இறங்கியதும். கண்ணாடியை நூலாக இழுக்கலாம், ஊசியால் கோதலாம், இடுக்கியால் கிள்ளலாம்.

உருட்டுப் பதம்: பொரி உருண்டைக்குப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போமே, அது. தகதகப்பு மங்கி, மேல்தோல் லேசாக இறுகியிருக்கும்; உள்ளே இன்னும் இளக்கம். அழுத்தினால் பள்ளம் விழும், விழுந்தது நிற்கும். முத்திரை, கீறல், அச்சு எல்லாமே இங்கேதான். சுடரிலிருந்து வெளியே எடுத்த பின் நடுத்தர மணிக்கு எனக்கு மூன்றிலிருந்து ஐந்து எண்ணும் நேரம் ஆகிறது. சின்ன மணிக்கு இரண்டு எண்ணினாலே தாண்டிவிடும்.

கல் பதம்: தகதகப்பே இல்லை. தண்ணீரில் போட்ட பாகு ‘டங்’ என்று பாத்திரத்தில் மோதும் நிலை. இங்கே கருவியால் தொட்டால் நான் கேட்ட அந்த ‘டிக்’ கேட்கும். தாமதமாகிவிட்டது என்று தோன்றினால் தொடாதீர்கள். சுடரின் தூரமுனையில் காட்டி, மெதுவாக மறுபடி சூடேற்றுங்கள்.

ஒவ்வொரு நிறத்துக்கும் பதம் சற்று மாறும். வெள்ளையும் தந்த நிறமும் சீக்கிரம் இளகி நெடுநேரம் இளகியே இருக்கும். கூர்மையான கோடு இவற்றில் நிற்பது கடினம். ஒளி ஊடுருவும் கண்ணாடிகள் கொஞ்சம் விறைப்பு. முதல் பயிற்சிக்கு ஏதாவது ஓர் அடர்த்தியான நீலமோ பச்சையோ எடுங்கள்.

நெல்லிக்காய் மணி

எல்லாரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ரோமானியர் காலத்திலேயே இருந்த வடிவம். ஐரோப்பியர்கள் இதை முலாம்பழ மணி என்பார்கள். நமக்கு அருநெல்லி போதும், வரிகளும் வடிவமும் அப்படியே.

12 மி.மீ. அகலத்தில் நல்ல உருண்டை மணி ஒன்று சுற்றுங்கள். இரண்டு முனைகளும் உள்வாங்கி அழகாகக் குழிந்திருக்க வேண்டும். முனை கூராக இருந்தால் வரிகள் அங்கே வந்து உடையும். மணி முழுதும் ஒரே சூடாகும்வரை சுடரில் சுழற்றுங்கள். வெளியே எடுத்து உருட்டுப் பதத்துக்குக் காத்திருங்கள். சவரத் தகட்டை மாண்ட்ரலுக்கு இணையாகப் பிடித்து, மணியின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். அறுக்கக் கூடாது, வாழைக்காயில் வடு வைப்பதுபோல் அழுத்தி எடுக்க வேண்டும். உடனே கம்பியைத் திருப்பி நேர் எதிர்ப்பக்கம் ஒன்று. இந்த இரண்டோடு நிறுத்திவிட்டு மணியைச் சுடருக்குக் கொண்டுபோங்கள்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். தகடு ஒவ்வொரு முறை தொடும்போதும் சூட்டைத் திருடிக்கொண்டு போகிறது. மூன்றாவது, நான்காவது வரியை அதே மூச்சில் போட்டால் முதல் வரியின் அடியில் விரிசல் ஓடிவிடும், சூளையிலிருந்து எடுக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. இரண்டு வரி, ஒரு சூடு. இரண்டு வரி, ஒரு சூடு. நான்கானதும் ஒவ்வொரு பாகத்தையும் நடுவில் பிரித்து எட்டாக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே கணக்குப் பார்த்து ஆறாக நிறுத்தலாம். நெல்லிக்காய்க்கு ஆறுதான் நியாயம்.

பள்ளம் எவ்வளவு ஆழம்? மணியின் மேற்பரப்புக்கும் துளைக்கும் நடுவே உள்ள கண்ணாடியில் பாதிக்கு மேல் போகாதீர்கள். கடைசியாகச் சுடரில் ஒரே ஒரு சுற்றுக் காட்டினால் வரிகளின் விளிம்பு மழுங்கிக் கைக்கு இதமாகும். இரண்டு சுற்றுக் காட்டினால் பாதி வரி காணாமல் போகும்.

முறுக்கு அச்சு

அம்மாவிடம் கேட்காமல் எடுத்ததில் இதுதான் அதிகப் பயன் தந்தது. பழைய பித்தளை முறுக்கு உரலோடு வரும் வில்லைகளில் ஓமப்பொடி வில்லையைத் தேடுங்கள். நெருக்கமான சிறு துளைகள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பாத்திரக் கடைகளில் இப்போது எஃகுதான் அதிகம் தொங்குகிறது. பித்தளை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், எஃகு ஒட்டும். துளைகளின் விளிம்பில் பிசிறு இருந்தால் சிறு அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

வில்லையை மேசையில் கிராஃபைட்டின் மேல் வைத்து, கை பொறுக்காத அளவுக்கு மட்டும் சூடேற்றுங்கள். முழுக்கக் குளிர்ந்த பித்தளை மணியை அதிர வைக்கும். மிகச் சூடான பித்தளை ஒட்டிக்கொள்ளும். நீளவாட்டு மணி ஒன்றை உருட்டுப் பதத்துக்குக் கொண்டுவந்து, வில்லையின் மேல் ஒரே ஒரு சுற்று, லேசான அழுத்தத்தோடு உருட்டுங்கள். கண்ணாடி ஒவ்வொரு துளையிலும் ஒரு மி.மீ. அளவு எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடும். மணி முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பதம் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் எட்டிப் பார்த்த கண்ணாடி துளைக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். அப்போது இழுக்காதீர்கள். வில்லையோடு சேர்த்துச் சூடு காட்டி, மெதுவாகச் சாய்த்து எடுக்க வேண்டியதுதான், மணியைப் பற்றிய ஆசையை விட்டுவிட்டு.

நட்சத்திரத் துளை கொண்ட முள்ளு முறுக்கு வில்லை பார்க்க ஆசையாக இருக்கும். ஐந்து முனைகளும் ஐந்து கொக்கிகள், பிடித்தால் விடாது. தொடக்கத்தில் அதைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, மணிக்குப் போன வில்லை மறுபடி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. நான் அம்மாவுக்குப் புது உரல் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு இன்னும் பழையதுதான் நல்லது என்ற எண்ணம்.

பித்தளைப் பொத்தான், பழைய சாவியின் தலை, சிறு மணியின் பூவேலை என்று எதையும் இதே முறையில் முத்திரையாக்கலாம். மணியை முதலில் இரண்டு கிராஃபைட் தட்டுகளுக்கு நடுவே தட்டையாக்கிக்கொள்ளுங்கள், உருண்டையில் முத்திரையின் நடுப்பகுதி மட்டுமே விழும். முலாம் பூசிய எதையும் பயன்படுத்தாதீர்கள். துத்தநாக முலாம் சூட்டில் புகைந்தால் காய்ச்சலே வரும்.

புள்ளி வைப்பது

இதுவரை பள்ளம். இனி மேடு. கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய கைகளுக்கு இது எளிது, வரிசை தப்பாமல் வைக்கும் கண் ஏற்கெனவே இருக்கும்.

முதலில் இழை தயார் செய்யுங்கள். கம்பியின் நுனியில் கொண்டைக்கடலை அளவு கண்ணாடியை உருக்கி, சுடரிலிருந்து வெளியே எடுத்து, கம்பிப் பதத்துக்கு வந்ததும் இடுக்கியால் பிடித்து நிதானமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் மயிரிழை, மெதுவாக இழுத்தால் 2 மி.மீ. இழை. புள்ளிக்கு 2 மி.மீ. நல்லது.

புள்ளி வைக்கும்போது மணி சுடருக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், இழையின் நுனி மட்டும் சுடரில் இருக்கட்டும். நுனி சிறு முத்தாகத் திரண்டதும் மணியில் தொட்டு அழுத்தி, ஒரு கணம் விட்டு, சுடரால் இழையை அறுத்துவிடுங்கள். நடுச் சுற்றில் ஒரு வரிசை, அதன் இடைவெளிகளில் மேலும் கீழும் ஒவ்வொரு வரிசை. ஐந்தாறு புள்ளிக்கு ஒருமுறை மணி முழுவதையும் சுடரின் ஓரத்தில் சுழற்றிச் சூட்டைக் காப்பாற்றுங்கள்.

புள்ளி மணியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் அதன் ஆயுள். தரையில் வைத்த கோலிக்குண்டுபோல் அடியில் இடுக்கு விட்டு நின்றால், நாளைக்கே நகம் பட்டுத் தெறிக்கும். தட்டில் கவிழ்த்த கிண்ணம்போல், அடிவட்டம்தான் எல்லாவற்றிலும் அகலமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளியின் கீழே நிழல் கோடு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடு காட்டி உட்கார வையுங்கள்.

புள்ளிகளை நெருக்கமாக வைத்து, டங்ஸ்டன் ஊசியால் நடுவே சின்னச் சின்னக் குழி போட்டு, மேலிருந்து கீழே ஐந்து வரி அழுத்தினால் ஓரளவு உருத்திராட்சம் வரும். பழுப்புக் கண்ணாடியில் செய்து மங்கலாகத் தேய்த்தால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவரை ஏமாற்றலாம். தந்த நிறத்தின் மேல் நீலப்பச்சைப் புள்ளி வைத்தால் இரண்டும் தொடும் இடத்தில் தானாகவே ஒரு கரிய கோடு உருவாகும். நீலப்பச்சையிலுள்ள செம்பு தந்த நிறத்திலுள்ள கந்தகத்தோடு வினைபுரிவதால் வருவது அது. பழுது என்று நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள்.

நம் பழைய மணிகளில் இப்படி மேடு பள்ளம் குறைவு. அரிக்கமேட்டில் செய்யப்பட்டுக் கடல் கடந்து போன இந்தோ-பசிபிக் மணிகள், கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுக்கியவை. பெரும்பாலும் 6 மி.மீ.க்கும் சிறியவை, வழவழப்பானவை. இங்கே ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் 1984இல் தொடங்கிய அகழ்வாய்வில் 14ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி மணிகளும் வளையல் துண்டுகளும் கிடைத்தன. அந்தக் காலத்தில் மணி செய்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது, அதனால் இழுத்தார்கள். நாம் ஒவ்வொன்றாகச் சுற்றுகிறோம், ஒவ்வொன்றோடும் பத்து நிமிடம் விளையாட நேரம் இருக்கிறது.

தூவுவது

நொறுக்கிய கண்ணாடியை ஃப்ரிட் என்பார்கள். வாங்கலாம், நீங்களே செய்யவும் செய்யலாம். சூடான கண்ணாடி நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தினால் பொரிந்துபோகும், அதை இரும்பு உரலில் இடித்துச் சலித்து, காந்தத்தால் இரும்புத் துகளை எடுத்துவிட வேண்டும். விரிவுக் கெழு 104 என்பதை இங்கேயும் மறக்காதீர்கள். தேன் பதத்தில் இருக்கும் மணியை ஃப்ரிட்டில் உருட்டி, கூர்முனை மழுங்கும்வரை மட்டும் சுடரில் காட்டினால் கற்கண்டு ஒட்டியதுபோல் வரும். வேலை சுலபம். அதனாலேயே எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை.

ஆப்பச் சோடாதான் வேடிக்கை. ஆப்பத்துக்கும் இட்லிக்கும் போடும் அதே சோடியம் பைகார்பனேட். தேநீர் வடிகட்டியால் தட்டில் மெல்லிய படலமாகச் சலித்துக்கொள்ளுங்கள். நம் ஈரத்தில் கட்டிதட்டிய சோடா ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். தேன் பதத்து மணியை அதில் ஒரு சுற்றுப் புரட்டி உடனே சுடருக்குக் கொண்டுபோங்கள். சோடா சிதைந்து கரியமில வாயு கிளம்பும். மிஞ்சும் சோடா உப்பு, கண்ணாடியை இளக்க ஆலைகளில் சேர்க்கிறார்களே, அதே பொருள். மேற்பரப்பு நுரைத்து, குமிழ் உடைந்து, ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் குழிகள் விழும். இரண்டு முறைக்கு மேல் புரட்டாதீர்கள். மேல்தோல் பலவீனமாகி வெள்ளை பூத்ததுபோல் ஆகும். ஆறிய பின் பழைய பல்தூரிகையால் நன்றாகக் கழுவ வேண்டும். புகையுறிஞ்சி ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இதே குழி மணியை ஒளி ஊடுருவும் கண்ணாடியால் மெல்லப் போர்த்தினால் குமிழ்கள் உள்ளே சிறைப்படும். ஆனால் அது மேற்பரப்பு வேலை இல்லை என்பதால் இங்கே விடுகிறேன்.

இடுக்கியால் கிள்ளி முள் இழுப்பது இன்னும் எளிது. கம்பிப் பதத்தில் ஒரு புள்ளியை மட்டும் சூடேற்றி, கிள்ளி, லேசாக இழுத்து, நுனியைச் சுடரில் மழுக்குங்கள். முள் 3 மி.மீ.க்கு மேல் நீண்டால் சேலையில் மாட்டும்.

சூளைக்குள்

மேடும் பள்ளமும் உள்ள மணியில் மெல்லிய இடம் முதலில் ஆறும், தடித்த இடம் பிறகு ஆறும். இந்த இழுபறிதான் விரிசல். அதனால் சூளைக்குப் போகும் முன் மணி முழுவதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். சுடரின் தூரமுனையில் அரை நிமிடம்வரை சுழற்றி, எந்த இடத்திலும் தகதகப்பு இல்லாத நிலையில், ஏற்கெனவே 510 முதல் 520 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகியிருக்கும் சூளையில் வையுங்கள். தகதகப்போடு வைத்தால் நீங்கள் பாடுபட்டுப் போட்ட வரியின் மேல் சூளைக் கம்பளத்தின் நெசவு பதிந்துவிடும். அதையும் ஒரு வேலைப்பாடு என்று ஒருவரிடம் விற்றேன், ஆனால் பழக்கமாக்கிக்கொள்ள விரும்பவில்லை.

கடைசி மணி உள்ளே போன பின் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் அதே சூட்டில் நிறுத்துங்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி என்ற கணக்கில் 370 வரை இறக்கி, அப்புறம் அணைத்துவிடலாம். வழவழப்பான மணிக்கு இதைவிட வேகமாக இறக்குபவர்கள் உண்டு. நெல்லிக்காய்க்கும் புள்ளி மணிக்கும் நான் அப்படி வேகமாக இறக்குவதில்லை. சூடு காக்கும் பஞ்சிலோ வெர்மிகுலைட் பொடியிலோ புதைத்து ஆறவிடுவது மணியை வீடுவரை கொண்டுபோக உதவும், அவ்வளவே. அது சூளைக்கு மாற்று அல்ல.

ஆறிய மணியில் இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வித்தை. மடிக்கணினியில் வெற்று வெள்ளைத் திரையைத் திறந்து, போலராய்ட் குளிர்கண்ணாடியைத் திரை கறுப்பாகத் தெரியும்வரை திருப்பிப் பிடித்து, நடுவே மணியைக் காட்டுங்கள். ஒளி ஊடுருவும் மணிகளில் மட்டும்தான் வேலை செய்யும். பள்ளத்தின் அடியிலோ துளையைச் சுற்றியோ வெள்ளை ஒளிக்கீற்று தெரிந்தால் அந்த மணியை மறுபடி சூளையில் வைக்க வேண்டும்.

ஆறிய பின்

மாண்ட்ரலைத் தண்ணீரில் ஊற வைத்து மணியைத் திருகிக் கழற்றுங்கள். துளைக்குள் ஒட்டியிருக்கும் பீட் ரிலீஸை வைரத்துகள் ஊசியால், தண்ணீருக்கடியிலேயே வைத்துச் சுரண்டுங்கள். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

ஆழமான வேலைப்பாடு அடர்நிற மணியில் சில சமயம் தெரியவே தெரியாது. பளபளப்பு கண்ணைக் கூச வைத்து வரிகளை மறைத்துவிடும். அப்போது மேற்பரப்பை மங்கலாக்குவது உதவும். வைரத்துகள் பட்டையை நனைத்து, முதலில் 200, பிறகு 400 என்ற நுண்மையில் மேடுகளை மட்டும் தேய்த்தால், மேடு மங்கலாகவும் பள்ளம் பளபளப்பாகவும் நின்று வரி எடுப்பாகத் தெரியும். மங்கலும் பளபளப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த மணிகள்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தவை. மொத்தமும் மங்கலாக வேண்டுமென்றால் சிலிக்கான் கார்பைடு துகளும் தண்ணீரும் போட்டுச் சுழல் உருளையில் ஓடவிடுங்கள். கடற்கரைக் கண்ணாடிபோல் வரும். நடுநடுவே எடுத்துப் பார்த்துப் போதுமென்றபோது நிறுத்துங்கள்.

கண்ணாடியை அரிக்கும் திரவமும் களிம்பும் கடையில் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும் என்பதால் பலருக்கும் பிடிக்கும். அவற்றில் இருப்பவை ஃபுளோரைடு உப்புகள். தோல் வழியாக உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; வலி உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் இதைத் திறக்காதீர்கள். நான் வாங்கி ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன், இப்போது வைரப்பட்டையோடு நிம்மதியாக இருக்கிறேன்.

கோப்பதற்கு முன் ஒவ்வொரு மணியையும் பழைய நைலான் காலுறை ஒன்றின் மேல் எல்லாப் பக்கமும் உருட்டிப் பாருங்கள். எங்காவது இழை பிடித்தால், அந்தப் புள்ளியை ஈரமான 400 பட்டையில் நான்கு தேய்ப்பு தேய்த்து மறுபடி உருட்டுங்கள். காலுறை கிடைக்கவில்லை என்று அம்மாவின் பட்டுப் புடவையில் சோதிக்க வேண்டாம். முறுக்கு உரல் விஷயமே இன்னும் தீரவில்லை.